பத்து எண்ணுவதற்குள்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை என்றால் உங்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்கு வீடியோ டெக். போன மாதம், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் ஒலிபரப்பு அருங்காட்சியகத்தின் மாடி அறையில், நித்யா என்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் மட்டும், அழுத்தாமல் துடைத்தாள். சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள மூன்று ஹெட்டைப் பாழாக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பாழானபோது என் முதலாளி பிரெஞ்சில் திட்டினார். புரியாத பாஷையில் திட்டு வாங்குவதில் ஒரு நிம்மதி உண்டு, வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய பிரெஞ்சு வீடுதான். கீழே வால்வு ரேடியோக்கள், கதவு வைத்த டிவிப் பெட்டிகள். மாடியில் நான்கு மேசை, நான்கு ஹெட்போன். நோட்டில் பெயர் எழுதி, வேண்டிய கேசட்டைக் கேட்டால் போட்டுக் காட்டுவார்கள். போன மாதம் முழுவதும் பழைய டிவிப் போட்டி நிகழ்ச்சிகள். வேறெங்கும் பார்க்கக் கிடைக்காதவை என்று அறிவித்திருந்தார்கள். டெல்லியில் எடுத்த வினாடி வினா, பிரான்சில் சக்கரம் சுற்றிப் பரிசு தரும் நிகழ்ச்சி, இப்படி ஒரு பட்டியல். அதை நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நான் இதையெல்லாம் முழுசாகப் படிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு டீ வர நேரமானது, படித்தேன். கடைசிப் பக்கத்தில் ‘புதுச்சேரி உள்ளூர் கேபிள்’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு வரி: ‘பத்து எண்ணுவதற்குள் – வசந்தி – அழிக்காதே.’

பட்டியல் போட்ட புண்ணியவான் ‘அழிக்காதே’ என்பதையும் நிகழ்ச்சியின் பெயர் என்று நினைத்துவிட்டார். அது கேசட்டின் மேல் நான் என் கையால் எழுதிய வார்த்தை. வசந்தி என் அக்கா. செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் அக்காவின் படம் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. ஸ்டுடியோக்காரர் நல்ல மனசுக்காரர். கேட்காமலேயே பொட்டு வைத்து, சங்கிலி போட்டு, நிறத்தையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து இன்றுவரை, இது யாரோ பெத்த பொண்ணு என்றுதான் சொல்கிறாள். நல்ல போட்டோக்கள் இருந்த டிரங்குப் பெட்டி, ஒரு புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப் போனது. படங்களைப் பிரித்தெடுக்கப் பார்த்தோம், முகங்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இந்தச் சித்திரையில் ஒருநாள், முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

“அவ கனவுல வராடா. நல்லாதான் பேசறா. கொரலுதான் கேக்கல. எப்டி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு.”

அதனால்தான் அந்த வரியைப் படித்ததும், கேசட்டைப் பார்ப்பதற்கு முன்பே, ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் ஆயுசில் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக நிற்க வைத்தால் அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அக்காவின் குரல் ஒரு காலத்தில் இந்த ஊருக்கே தெரிந்த குரல். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியதும் அக்கா ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குப் போனாள். துபாய்க்கும் பாரிசுக்கும் பேச வந்து காத்திருக்கிறவர்களை, லைன் கிடைக்கும் வரைக்கும் பேசிப் பேசியே உட்கார வைத்திருப்பாள். பிள்ளையிடம் பேச வந்துவிட்டு அக்காவிடம் பேசி முடித்து எழுந்து போன கிழவர்கள் உண்டு. நான் உப்பளம் பகுதியில் ஒரு கேபிள் டிவியில் சேர்ந்தேன். வேலை இன்னதென்று கிடையாது. ஒயர் இழுப்பேன், ஹெட் துடைப்பேன், நிகழ்ச்சி எடுக்கும்போது கேமராவுக்குக் கீழே குந்திக்கொண்டு வருகிறவர்களை நிற்க வைப்பேன்.

முதலாளியை எல்லோரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பிரான்சிலிருந்து மகள் அனுப்பும் கேசட்டுகளில் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்று எடுத்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது அவருக்கு. அதுதான் ‘பத்து எண்ணுவதற்குள்’. ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ‘பூ’ என்று வந்தால், அவர் பத்து எண்ணுவதற்குள் எத்தனை பூவின் பெயர் சொல்ல முடியுமோ அத்தனை. எண்ணுவது பிரெஞ்சில். ஆன், தே, த்ருவா என்று அவர் ஆரம்பித்தால் பாதிப் பேருக்கு அதைக் கேட்டே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிடித்தவர்களுக்கு மெதுவாக எண்ணுவார், பிடிக்காதவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறுக்குத் தாவிவிடுவார். பிரெஞ்சு என்பதால் யாரும் கண்டுபிடித்ததில்லை.

அக்கா வந்த அன்று அவளுக்கு எதிராக நின்றது குருசுக்குப்பத்துக்காரம்மா ஒருவர். சீட்டில் வந்தது மீன். கூட்டம் சிரித்தே விட்டது, மீன் விற்கிறவரிடம் மீன் பெயர் கேட்டால் என்ன ஆகும்? அந்தம்மா வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி என்று நாலு பெயர் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகப் பாறை என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இந்த மாதம் நல்ல பாறை கிடைக்காது, வாங்கினால் ஏமாந்து போவீர்கள் என்று கூட்டத்துக்கு விளக்கத் தொடங்கினார். சொல்தா தீஸ், அதாவது பத்து, என்று முடித்தபோதும் விளக்கிக்கொண்டுதான் இருந்தார். விற்கிறவர்கள் வாயில் பொய் வராது என்பதற்காக அல்ல, மறுநாள் கூடையோடு அதே ஜனங்களின் வாசலுக்குப் போக வேண்டும் அவருக்கு. அடுத்து அக்கா. மூச்சு விடாமல் கொட்டினாள். கிழங்கா, காரப்பொடி, மத்தி, வாளை, திருக்கை... நடுவில் ஒரு பெயரை இரண்டு முறை சொன்னாள், எனக்கு மட்டும் தெரிந்தது. தோற்ற அந்தம்மாதான் முதலில் கை தட்டினார்.

இப்போது பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம். பரிசு கொடுப்பது ஒரு பாத்திரக் கடைக்காரர். குக்கரோ ஹாட்பாக்ஸோ, எதுவானாலும் கடை பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார். சொல்தாவின் கேமராவுக்கு ஜூம் வேலை செய்யாது. ஆளை வைத்தால் தலையிலிருந்து மார்பு வரைதான் தெரியும். ஜெயித்தவர்கள் பெட்டியை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். டிவியில் சிரிப்பு தெரியும், கடை பெயர் தெரியாது. கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு வழக்கம். பெட்டி திரைக்குள் வரும் வரை தூக்கச் சொல்லிக் கீழேயிருந்து நான் கத்த வேண்டும். பெயர் முழுசாகத் தெரிந்ததும் அப்படியே நிற்கச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று கடைக்காரரே சொல்லியிருக்கிறார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்த கேசட்ட மட்டும் அழிச்சிடாதடா. எனக்குப் பொண்ணு பொறந்தா காட்டணும்.”

எங்கள் கம்பெனியில் கேசட்டுகள் குறைச்சல். போன வாரத்தின் மேலேயே இந்த வாரம் பதிவோம். அதனால் அக்காவுடையதை எடுத்து, முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லையை உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. மேலே ‘அழிக்காதே’ என்று எழுதி ஒதுக்கி வைத்தேன். இதுவரைக்கும் நான் நல்ல தம்பி.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், போட்டிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கையிலிருந்த கேசட் சிக்கி நாடா வெளியே வந்துவிட்டது. வேறு கேசட் இல்லை. சொல்தா தெப்பேஷ், தெப்பேஷ் என்று அவசரப்படுத்துகிறார். என் கண் அந்தக் கேசட்டின் மேல் போனது. உடைத்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். ஒட்டினேன். அப்போது மனசில் என்ன ஓடியது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது: அக்கா எங்கே போய்விடப் போகிறாள், இன்னொரு முறை கூப்பிட்டால் வந்து இன்னொரு குக்கரைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த ஐப்பசியில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இருபத்து நாலு வயது.

அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. கேசட் கம்பெனியிலேயே எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. பட்டியலைப் பார்த்ததும், ஒருவேளை அன்றைக்கு நான் எடுத்தது வேறு கேசட்டோ என்றுகூடத் தோன்றிவிட்டது. மனுஷனுக்கு வெட்கமே கிடையாது பாருங்கள்.

நித்யா கேசட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். சொல்தா செத்த பிறகு மகள் வீட்டை விற்றபோது மூட்டையோடு வந்தவையாம் இவை. நான் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. கேசட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். பழுத்துப்போன செலோடேப் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மூலை கோணல். அவசரத்தில் பல்லால் கடித்துக் கிழித்தது.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். இரண்டு ஆண்கள் பஸ் நிறுத்தங்களின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் வயதான தம்பதி ஒன்று பிரெஞ்சுச் சக்கரத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு நிகழ்ச்சி முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போன இடத்துக்கு அப்புறம் நாடாவில் பழையது அழியாமல் இருக்க வேண்டும். கடைசி வரை ஓட்டும்மா என்று நித்யாவிடம் கெஞ்சினேன்.

படம் ஒரு முறை கிழிந்தது. நீலமாகக் கோடுகள் ஓடின. பிறகு அக்கா வந்தாள்.

அம்மாவின் மாம்பழக் கலர் புடவை. பெட்டி ஏற்கெனவே கழுத்து வரை வந்துவிட்டிருந்தது. நீலக் கோடுகள் முகத்தின் மேல்பாதியை இன்னும் விடவில்லை; தாடையும் கீழுதடும் தெரிந்தன, உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. மைக் அப்போது கடைக்காரர் கையில். கேட்டதெல்லாம் என் குரல்தான்.

“மேல தூக்கு. இன்னும் மேல. பேரு தெரியல. ஆங், அப்டியே நில்லு.”

அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கோடுகள் விலகுவதற்குள் தாடையும் மறைந்தது. பெட்டியின் அடியைப் பிடித்த இரண்டு கை, கண்ணாடி வளையல், பெட்டிக்கு மேலே கொஞ்சம் வகிடும் கனகாம்பரமும். கடை பெயர் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. என்னையறியாமல் சொல்தாவைப் போல மனசுக்குள் எண்ணினேன். தீஸ் வருவதற்குள் திரையில் பூச்சி பறந்து நாடா முடிந்துவிட்டது.

“யாரு சார் அவங்க?” என்றாள் நித்யா.

“எங்கக்கா.”

“கத்துறது?”

“நான்தான்.”

அவள் நாடாவைப் பின்னால் ஓட்டினாள். அந்தத் துண்டை மட்டும் என் செல்லில் ஏற்றிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தே வந்தேன். சொல்தாவின் வீடு இப்போது தங்கும் விடுதி, வாசலில் சைக்கிள் வாடகைக்கு நிற்கிறது. அக்காவின் பூத் இருந்த இடத்தில் வாழைப்பழச் சிப்ஸ் வறுக்கிறார்கள். பாத்திரக் கடையும் இல்லை. அந்தப் பெயரை இந்த உலகத்தில் இனிப் பார்க்க வேண்டுமானால் என் செல்லில்தான் பார்க்க வேண்டும்.

அம்மா குளித்து, தலை வாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காட்டினேன். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். நாலைந்து தரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுமை இழந்தவளாகத்தான் கேட்டாள்.

“பெட்டிய எப்படா எறக்குவா?”

இத்தோடு முடிந்துவிடுகிறது அம்மா என்றேன். செலோடேப்பைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தவன், மறுபடி போட்டேன். அம்மா செல்லைக் காதோடு வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், கடைக்குப் போய் ஒரு சாமானை மறந்து வந்தவனைப் பார்க்கிற பார்வைதான்.

“உன் கொரலு தானே இது? நீதானடா தூக்கச் சொன்ன. எறக்கவும் சொல்லேன்.”

தினமும் சாயங்காலம் போடச் சொல்கிறாள். எறக்கச் சொல்லேன் என்று தினமும் சொல்கிறாள்.