பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

பேய்ப் படங்களை வாடகைக்கு விட்டே சோறு தின்றவன் நான். பேய்க்கு எவ்வளவு பவுடர், எவ்வளவு சிவப்புச் சாயம் என்று தெரிந்தவனுக்குப் பயம் எங்கே வரும்? நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்தில், லிந்துலையில் வீடியோ கடை போட்டேன். தீபாவளி வந்தால் டிவியையும் கேசட் போடும் டெக்கையும் தோளில் சுமந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள், வரிசை வீடுகள் இருக்கும் லயமே விடிய விடியப் படம் பார்க்கும். அந்தத் திமிரில் வலப்பனையில் ஒன்று, கொத்மலையில் ஒன்று என்று கிளை திறந்தேன், கல்யாண வீடியோவும் எடுத்தேன். அப்போது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், கல்யாணக் கேசட்டில் ஆட்கள் பேசுகிற சத்தத்தை அழித்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவோம். சனங்களுக்கும் அதுதான் பிடித்தது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்காவின் மகள் சாந்தி கல்யாணத்தையும் அப்படித்தான் செய்து கொடுத்தேன். அக்கா வீட்டில் டெக் கிடையாது, அதனால் கேசட் என் கடையிலேயே இருந்தது. சாந்தி மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள், கொஞ்ச நாளில் கடிதம் நின்றுவிட்டது, எங்கே விசாரித்தும் தகவல் இல்லை. அதற்குப் பிறகு சம்பள நாள் தவறாமல் அக்கா கடைக்கு வந்து அந்தக் கேசட்டைப் போடச் சொல்வார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் சாந்தி திரும்பி அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்பாள், உதடு அசையும், பாட்டுத்தான் கேட்கும்.

“தம்பி, இந்த எடத்துல அவ என்னமோ சொல்றா. பாட்டக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்களேன்” என்பார்.

குறைத்தால் அடியில் ஒன்றும் இல்லை, நான்தான் அழித்துவிட்டேனே. அதைச் சொல்ல வாய் வராமல் இன்னொரு நாள் பார்ப்போம் என்று மழுப்பிவிடுவேன்.

பிறகு சீடி வந்தது, டிஷ் வந்தது, கடைகளை ஒவ்வொன்றாக மூடினேன். குத்தகைக்கு நிலம் எடுத்துக் கேரட் போட்டேன். பாத்தியில் பறவை இறங்காமல் இருக்கக் கேசட் நாடாவை உருவி இழுத்துக் கட்டுவோம், காற்றடித்தால் விர்ரென்று இரையும். கடையில் மிஞ்சி மூட்டை மூட்டையாகக் கிடந்த கேசட்டுகளை லேபிள்கூடப் பார்க்காமல் உருவிக் கட்டினேன். கடைசிப் பாத்தியும் முடிந்தபிறகுதான் காலடியில் கிடந்த வெறும் கேசட் கூட்டில் சாந்தியின் பெயரைப் பார்த்தேன், என் கையெழுத்திலேயே. கடைசிப் பாத்தியில் ஆடிக்கொண்டிருந்தது அவள் கல்யாணம்தான்.

அந்த வாரமே மாரியாயி அக்கா என் கேரட் தோட்டத்துக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் பழைய டெக் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம், கேசட்டைத் தரச் சொன்னார். பட்டப்பகல், நல்ல வெயில். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொல்ல வாயைத் திறந்தேன், காற்று எழுந்தது. மற்ற நாடாக்கள் எல்லாம் இரைந்தன, அந்தக் கடைசிப் பாத்தி மட்டும் பேசியது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

“அம்மா, நீங்க சாப்ட்டீங்களா?”

கல்யாணத்தன்று கேமராவுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட அதே குரல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அக்கா கொஞ்சமும் பயப்படவில்லை, நாடாவின் பக்கம் திரும்பினார்.

“சாப்ட்டேன் சாமி, நீ சாப்புடு.”

கல்யாணத்தன்று வேலை அவசரத்தில் அவள் கேட்டது காதில் விழவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேசட்டைக் கேட்காமலேயே போய்விட்டார். அந்தக் குரலை அழித்தது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை, நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

மற்ற நாடாக்களை எப்போதோ கழற்றிவிட்டேன். சாந்தியின் நாடாவை மட்டும் அவிழ்க்க மனசு வரவில்லை. ஆடிக் காற்றில் பேயாக ஆடுகிறது, அன்றிலிருந்து சத்தம் மட்டும் வருவதில்லை.