பேயிடம் கச்சாங் இருக்காது

எங்கள் அப்பாவைப் பிடித்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. அதன் பெயர் ஹைக்கிங்.

வாரம் முழுக்க அவர் லோரியில் உட்கார்ந்திருப்பார். கேமரன் மலையில் எங்கள் கியா பார்மில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் வரை உட்கார்ந்தே போய், உட்கார்ந்தே திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே வீட்டில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒருநாள் தானா ராத்தா டவுனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அப்பன், ஆத்தாள், இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு குச்சி, முழங்கால் வரை சேறு. அவ்வளவு சேற்றைப் பூசிக்கொண்டு அந்தக் குடும்பம் எதற்காக அப்படிச் சிரித்தது என்ற யோசனைதான் அப்பாவைத் தூங்கவிடவில்லை. மறுநாளே பிரிஞ்சாங்கில் நான்கு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்கும் தங்கைக்கும் வாங்கியவை கொஞ்சம் பெரியவை. வளர்ந்த பிறகும் போக வேண்டுமாம்.

அம்மா எஸ்டேட்டில் தேயிலை வெட்டுபவள். சரிவில் ஏறி இறங்குவதுதான் அவள் பிழைப்பு. சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, வாரம் பூரா மலையிலதான் கெடக்குறேன். ஞாயித்துக்கெழமையும் ஏறச் சொல்றீங்க. என்னா, ஓவர்டைமா?"

"அது வேலை லா. இது ஹைக்கிங்."

"ரெண்டுலயும் முட்டிதானே வலிக்குது?"

அப்பா அவளுடைய ஜோடியை அவள் காலடியில் தள்ளி வைத்தார். போனோம்.

அந்த ஹைக்கிங்கில் எனக்குப் பிடித்தது உட்காரும் நேரம் மட்டும்தான். உட்கார்ந்தால்தான் தீனி. அம்மா தீனிக்காக ரொம்ப மெனக்கெட மாட்டாள். காலையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவித்து, சூடு ஆறுவதற்குள் எங்கள் சட்டைப் பைகளில் போட்டுவிடுவாள். குளிரில் ஏறும்போது கையை உள்ளே விட்டால் கதகதவென்று இருக்கும். மேலே போனதும் அதையே உரித்துத் தின்னலாம். முந்தின நாள் மிஞ்சிய ரொட்டியைத் துண்டு போட்டு, மார்ஜரின் தடவி, சீனி தூவி, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று எடுப்பாள். இதெல்லாம் சில்லறை. ராஜா என்றால் கச்சாங்தான். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கடலைமாவும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பிசறி, கறிவேப்பிலையோடு எண்ணெயில் பொரித்து, பழைய பால்மாவு டின்னில் நிரப்பி மூடிவிடுவாள். என் தங்கை அந்த டின்னுக்காகத்தான் மலை ஏறினாள். அவளுக்கு ஆறு வயது. எனக்குப் பத்து வயது, காரணம் அதேதான்.

டின்னுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அவள் சட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான், கீழே கடை வைத்திருக்கும் மலாய்க்காரரும் அதையேதான் சொல்வார். பேரைச் சொன்னால் காட்டில் இருப்பது கேட்டு வைத்துக்கொள்ளும். பிறகு அதுவே கூப்பிட ஆரம்பிக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அம்மா எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"உள்ளாற யாராச்சும் கூப்பிட்டா வாயத் தொறக்கக்கூடாது. அது என் கொரல்லயும் கூப்பிடும், அப்பா கொரல்லயும் கூப்பிடும். மொகத்தப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லணும். புரிஞ்சிச்சா?"

"மொகம் தெரியலன்னா?" என்றாள் தங்கை.

"மொகம் தெரியலன்னா அது பேயி."

"பேயிக்கு வேற வேலை இல்ல பாரு, அப்பா மாதிரி கத்திப் பழகுறதுக்கு" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

அதனால் காட்டில் அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. டின்னை எடுத்து ஆட்டுவாள். கலகலவென்று சத்தம் வந்தால் தீனி நேரம். முதலில் வருகிறவருக்குக் கை நிறைய, கடைசியில் வருகிறவருக்கு அடியில் கிடக்கும் தூள். என் தங்கை ஒருநாளும் தூள் தின்றதில்லை.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமையில் பாசிக்காட்டுக்குப் போனோம். பிரிஞ்சாங்குக்கு மேலே, மரமெல்லாம் கோணிக்கொண்டு, கம்பளி போர்த்தியதுபோல் பாசி மூடி நிற்குமே, அந்தக் காடு. ஊர் உலகமெல்லாம் பலகைப் பாதையில் நடக்கிறது. அப்பாவின் மானம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அது டூரிஸ்ட்டுக்கு" என்று சொல்லி, தேயிலைக்குப் பின்னாலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போனார். அப்படியென்றால் நாம் யார் என்று கேட்க வாய் வந்தது. தீனிப் பை அவர் முதுகில் இருந்ததால் கேட்கவில்லை.

வழியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அந்தக் காட்டில் ஒரு மரம் குட்டித் தொப்பி போட்ட கொட்டைகளாக உதிர்க்கும். கல் மாதிரி கெட்டி. ரப்பர் கவணில் வைத்து அடித்தால் தகரக் கூரை அதிரும். குனிந்து குனிந்து பொறுக்கி, கிழங்கு காலியான பையில் நிரப்பிக்கொண்டே போனேன். "அந்தக் குப்பைய எதுக்குடா சொமக்குற? தொவைக்கிறது நான்" என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அப்பா இடது என்றார். அம்மா வலது என்றாள்.

"போன தடவ இடது பக்கந்தான் போனோம்."

"போன தடவ வந்தது இந்தப் பாதையே இல்லீங்க."

"கே.எல்லுக்கே லோரி ஓட்டுறவன்கிட்ட வழி சொல்றியா?"

"அங்க போர்டு போட்டு வெச்சிருப்பான். இங்க போர்டு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

நான் வசதியாக ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி நிகழ்ச்சிகள் சீக்கிரம் முடியாது. ஆனால் கேமரன் மலையில் பனி யாருடைய சண்டை முடியட்டும் என்றும் காத்திருப்பதில்லை. மேலேயிருந்து மளமளவென்று இறங்கி, முதலில் தூரத்து மரங்களைத் தின்றது. பிறகு பக்கத்து மரங்களை. அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாதையில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம்.

தங்கை இல்லை.

அப்பா முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். அப்புறம் கத்தினார். வந்த வழியே ஓடினார், ஒரு வேரில் இடறி விழுந்தார், எழுந்து மறுபடியும் கத்தினார். அம்மா தன் சட்டத்தைத் தானே மறந்து, தங்கையின் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பேரை வீட்டில் யாரும் பயன்படுத்துவதே இல்லை. அதைக் கேட்டபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது. நானும் கத்தினேன். பாதைக்கு ஒரு பக்கம் சரிவு. அடியில் எங்கேயோ ஓடை ஓடும் சத்தம் மட்டும் வந்தது. வேறு சத்தமே இல்லை. நான் அழவில்லை. பனி மூக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

"விழுந்திருப்பாளோ? ஏங்க, விழுந்திருப்பாளோ?" என்று அம்மா அந்தச் சரிவையே பார்த்துக் கேட்டாள்.

"வாய மூடு!" என்றார் அப்பா. அம்மாவிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் அதற்கே தனியாக ஒரு சண்டை நடந்திருக்கும்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. பெரிய அறிவு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பேர் எனக்கு எந்த வாத்தியாரிடமும் கிடைத்ததில்லை, மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவே முறிந்துபோனது. ஆனால் என் தங்கையை எனக்குத் தெரியும்.

"ம்மா, அவ பக்கத்துல இருந்தாலும் பதில் சொல்ல மாட்டா. நீதானே சொல்லாதன்னு சொன்ன."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகிலிருந்த பையைப் பிடுங்கி, டின்னை எடுத்து ஆட்டினாள்.

சத்தமே வரவில்லை.

மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு கறிவேப்பிலை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மீசையில் கடலைத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பையைச் சுமக்கிறேன், சுமக்கிறேன் என்று அவர் ஏன் அடம்பிடித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"வழியெல்லாம் தின்னுக்கிட்டே வந்தீங்களா?"

"பசிச்சிச்சு லா" என்றார் அப்பா. லோரிக்காரர் குரல் இல்லை அது. முதல் வகுப்புப் பையன் குரல்.

அம்மா திட்டவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். அந்தக் காட்டில் ஒரு கல் கிடையாது, எல்லாம் பாசியும் வேரும்தான். பிறகு அவள் பார்வை என் சட்டைப் பையில் வந்து நின்றது.

"கொட்டுடா."

"எது?"

"அந்தக் குப்பையத்தான். கொட்டு!"

கொட்டினேன். டின் பாதி நிறைந்தது. அம்மா மூடியை அழுத்தி ஆட்டினாள். கலகலகல. கச்சாங்கைவிடக் கொஞ்சம் கனமான சத்தம், ஆனால் அந்தப் பனியில் யார் தரம் பார்க்கப் போகிறார்கள்? ஆட்டினாள், நிறுத்தினாள், காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. பாதையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய் மறுபடியும் ஆட்டினாள். அப்பா அங்கேயே குந்திக்கொண்டு, கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

சரிவின் பக்கம் ஒரு பெரிய மரம். அதன் வேருக்கடியில் பொந்து. அங்கேயிருந்து முதலில் ஒரு ரப்பர் சப்பாத்து வெளியே வந்தது. அதன் பின்னால் என் தங்கை வந்தாள். நாங்கள் கத்திக்கொண்டிருந்த இடத்துக்கும் அந்தப் பொந்துக்கும் நடுவில் ஒரு லோரி நிற்கக்கூட இடம் இல்லை.

அம்மா பாய்ந்து தூக்கப் போனாள். தங்கை கையை நீட்டித் தடுத்துவிட்டாள். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூணு பேயி வந்துச்சும்மா. ஒண்ணு அப்பா மாதிரி கத்துச்சு, ஒண்ணு உன்ன மாதிரி. அண்ணன் மாதிரி ஒண்ணு வந்துச்சு, அதுதான் ரொம்பக் கேவலமா கத்துச்சு. நான் பேசவே இல்ல!"

தண்ணீர் நிறைந்த குடுவைப் பூ ஒன்றைப் பார்ப்பதற்காகப் பொந்துக்குள் இறங்கினாளாம். நாங்கள் போட்ட கூச்சலில் பயந்து அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"அப்ப இப்ப மட்டும் எப்படி வந்த?" என்று கேட்டேன்.

"பேயிகிட்ட கச்சாங் இருக்காதுல்ல" என்றாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள். முதலில் வந்தவளுக்குக் கை நிறைய. அதுதானே சட்டம்.

அம்மாவுக்கு வேறு வழியில்லை, டின்னைத் திறந்தாள். தங்கை உள்ளே எட்டிப் பார்த்தாள். தொலைந்து போனபோது அழாதவள், பேய்க்கு அழாதவள், அப்போது போட்டாள் பாருங்கள் ஓர் ஓலம்!

"இது கச்சாங்கே இல்ல! ஏமாத்துறீங்க!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. பாசியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சேறு முழங்கால் வரை இருந்தது. அந்த வெள்ளைக்காரரே தோற்றுப்போவார். அம்மா தங்கையை இடுப்பில் வைத்தவள் வீடு வரை இறக்கவில்லை. வலது பக்கப் பாதையில்தான் இறங்கினோம். அப்பா இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நான்கு ஜோடி சப்பாத்தையும் கழுவி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். "போதும் லா. இனிமே மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அம்மா நனைந்த துணியைக்கூட மாற்றவில்லை. நேராக அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினாள். வீட்டில் இருந்த கச்சாங் முழுவதையும் பிசறிப் பொரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை கருக விட்டாள். அம்மா எதையும் கருக விட்டு நான் பார்த்ததில்லை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சுடச்சுட அள்ளித் தின்றாள். போதும், வயிறு வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"இனிமே காட்டுல யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லு" என்றாள் அம்மா, வாணலியைப் பார்த்தபடி.

"பேயா இருந்தா?"

"பேயா இருந்தாலும் சொல்லு. நான் வந்து அதுகிட்ட பேசிக்கிறேன்."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "சப்பாத்த ஏன் அங்க ஏத்தி வெச்சீங்க? வெளிய காத்துல வைங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள காய வேணாமா?"

அப்பா ஒவ்வொன்றாக இறக்கினார். என் ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது. சரி, போகிற மலைக்காவது ஒரு லாபம் பார்க்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். தங்கை தொலைந்தாள், அவளுக்கு வாணலியோடு கச்சாங். தேடிக் கத்தியவன் நான், கொட்டையும் என்னுடையது, எனக்கு ஒரு கைப்பிடி. இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

"ம்மா, அடுத்த வாரம் நான் தொலையட்டுமா?"

முதுகில் விழுந்தது ஓர் அடி. மாவுக் கை, சட்டையில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. நான் அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள், அடித்த அதே கை என்னை இழுத்து, வாயில் இருந்த கச்சாங்கை மெல்லக்கூட முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு டின்னை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தாள். முழு டின். மேலே வரை.

ஒரே கேள்விக்கு அடியும் டின்னும் சேர்ந்து கிடைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. எதற்காக எது என்று புரியவில்லை. புரியாமலே உட்கார்ந்து, தூள் வரைக்கும் தின்று தீர்த்தேன்.