அப்பா தூக்கிய கை

கிறீசும் துணிச் சவர்க்காரமும் கலந்த ஒரு மணம், அதுதான் எனக்கு அப்பாவின் வலது கை. திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் படகு ஒன்றில் அவர் இயந்திரக்காரராக இருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சி நிற்கும். அந்தக் கையால் அவர் என் நெற்றியில் சிலுவை போட்டுப் படுக்க அனுப்பினால், கனவுக்குள்ளும் ஒரு எஞ்சின் எங்கேயோ மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேருக்குத் தேவ அழைத்தல் வானத்திலிருந்தும் எரிகிற பற்றையிலிருந்தும் வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு அது அந்தக் கை வழியாக வந்தது, அதுவும் கைக்குச் சொந்தக்காரர் நித்திரையாக இருந்த நேரத்தில்.

சனிக்கிழமை இரவு முழுக்கப் படகில் நின்றுவிட்டு விடியப்புறம் வீடு திரும்புகிற மனிதர் ஞாயிறு பூசைக்கு வருவதே பெரிய காரியம். அப்பா வருவார், அம்மாவுக்குப் பக்கத்தில் நீள மர வாங்கில் இருப்பார், பிரசங்கம் தொடங்கியதும் தலையைச் சற்றே தாழ்த்தி, பக்தியில் கரைந்துபோன ஒரு முகத்தோடு நித்திரையாகிவிடுவார். குறட்டை கிடையாது, ஆட்டம் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்து எங்கள் கோயில் பங்கில் சிலர் மனம் திருந்தியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். அவருடைய மற்றப் பக்கத்தில் இருந்து அந்தக் கலையைப் படிக்க நானும் முயன்றேன். வாயைப் பிளந்து, எச்சில் வடித்து, மறைக்கல்வி ரீச்சரிடம் காதைத் திருகக் கொடுத்ததுதான் மிச்சம்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. மாதா சுரூபம் ஒன்று கிழமைக்கு ஒரு வீடாகப் போய்வரும். அது வருகிற வீட்டில் முற்றம் பெருக்கி, நல்ல கதிரைகளைச் சுவரோடு அடுக்கி, மாலையில் அயலவரைக் கூட்டிச் செபமாலை சொல்வார்கள். பூசை முடிகிற நேரத்தில் பங்கின் பெரியவரான பாவிலு மூப்பர் முன்னுக்கு வந்து, தொண்டையைச் செருமி, "இந்தக் கிழமை ஆர் கூட்டிக்கொண்டு போறீங்கள்?" என்று கேட்பார். முதலில் எழும்பிய கைக்கே மாதா. ஆனால் அந்தக் கை வீட்டுக்காரருடைய கையாக இருக்கவேண்டும், பெண்கள் தூக்கினால் மூப்பர் மிகவும் அன்பாக, "வீட்டில கேட்டுப்போட்டோ பிள்ளை தூக்கிறீர்?" என்று விசாரிப்பார், அதற்குள் பின் வரிசை வாங்கில் ஒரு மீசை கையைத் தூக்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு. அம்மாவின் முழங்கை அப்பாவின் விலாவில் படும், மறுகணம் கறுப்புக் கோடு போட்ட கை கூரையை நோக்கி எழும்பும், கண் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வருடம் மறைபரப்பு ஞாயிறு வந்தது. ஆபிரிக்காவில் கனகாலம் இருந்து திரும்பிய, ஒல்லியான ஒரு சுவாமி பிரசங்கத்துக்கு வந்திருந்தார். சிவந்த புழுதி பறக்கிற பாதைகளைப் பற்றியும், மரத்தடியில் வைத்த பூசையை ஓர் ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்த்ததைப் பற்றியும் அவர் சொல்லச் சொல்ல, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு பிரசங்கம் முழுவதும் விழித்திருந்தேன். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, மறைபரப்புக்குச் சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் மட்டும் காணாது, சமைக்கிற, மீன் வெட்டுகிற, பிள்ளை வளர்க்கிற ஆட்களும் வேண்டும் என்றார். "குடும்பமாய்ப் போக ஆர் ஆயத்தம்?"

மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த அமைதியின் நடுவில் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை, கிறீஸ் மணத்தோடு, நிதானமாக மேலே போனது.

அப்பா கண்ணைத் திறந்தபோது முழுக் கோயிலும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அவர் மெல்லக் குனிந்து அம்மாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது: "மாதா எங்களுக்குத்தானே?"

"வீட்டை போய்க் கதைப்பம்," என்றாள் அம்மா.

வீட்டில் நடந்த கதை நீண்டது. "நீர்தானே இடிச்சனீர்," என்றார் அப்பா. "வாங்கில நெருக்கம். பட்டிருக்கும்," என்றாள் அம்மா, அரிசியைக் களைந்தபடி. நான் மற்றப் பக்கத்தில் இருந்தவன் என்பதால் சாட்சிக்கு உதவாதவன். உதவியிருந்தாலும் என்னை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் நான் அப்போதே ஆபிரிக்காவுக்குப் போய்விட்டிருந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஒரு மெல்லிய புகைக்குள் நடப்பது போலிருக்கிறது. பள்ளிக்கூட யன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், அதில் நிற்கிற கப்பல்களெல்லாம் என்னை ஏற்றத்தான் நிற்கின்றன என்று தோன்றும். சிங்கம் என்னைத் தின்னும் என்பதை நான் முடிவுசெய்துவிட்டேன், ஆனால் நோகக்கூடாது. அதன் பிறகு என் பெயரில் ஒரு பெருநாள் வரும், பெருநாளுக்கு ஐஸ்கிறீம் வான் வரும், அதை வாங்கித் தின்ன நான் இருக்கமாட்டேனே என்ற ஒரு துக்கம் மட்டும் மிஞ்சும். வேதசாட்சிகளுக்குச் சொத்து ஆகாது என்பதால், என் கிரிக்கெட் மட்டையையும் பட்டத்தையும் மாபிள்களையும், வகுப்பில் யன்னலோரம் இருந்த என் இடத்தையும் என் சிநேகிதன் டிலானுக்குக் கொடுத்தேன். அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். மட்டையின் பிடி கொஞ்சம் கழன்றிருக்கிறது என்றான்.

ஊர் எங்களை விடவில்லை. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தயிர்ச்சட்டி கொண்டுவருகிற ரஹீம் நானாகூட, "மரியதாஸ் தம்பி, ஆபிரிக்காவுக்காமே. அங்க மாடு நிறைய இருக்காம், உறைய வைக்கத்தான் ஆளில்லையாம். ஒரு சட்டி கூடத் தாறன், நல்லாச் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று அப்பாவின் முகத்தைக் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா மெலிந்தார். கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் தூக்கிய கையை எந்த முகத்தோடு இறக்குவது? சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரே வசனத்தைப் பாடமாக்கினார்: "சுவாமி, அது மாதாவுக்குத் தூக்கின கை." சில நாள் கெஞ்சிச் சொல்லிப் பார்த்தார், சில நாள் சிரித்துச் சொல்லிப் பார்த்தார். குசினி அடுப்படியில் அம்மா எப்போதும் முணுமுணுக்கிற பாட்டு நின்றுபோயிருந்தது. உடையக்கூடிய எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருப்பவளைப் போல வீட்டுக்குள் நடந்தாள். அலுமாரிக்கு மேலே கிடந்த பெரிய பையை ஒருநாள் கழுவி வெயிலில் போட்டாள். அப்பா அதைக் கண்டார். கண்டுவிட்டு மற்றப் பக்கமாகப் போனார்.

சுவாமி முடிவு கேட்க வீட்டுக்கு வந்தார். நல்ல கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். "தூர தேசமெண்டு பயப்படாதேங்கோ," என்று சிரித்தார். "புல்மோட்டைக்கு அங்கால, இடம்பெயர்ந்து திரும்பி வந்து குடியேறின மீன்பிடிக் குடும்பங்கள் கொஞ்சம் இருக்கு. மாதத்துக்கு ஒருக்காத்தான் பூசை. பிள்ளையளுக்குச் செபம் சொல்லிக் குடுக்க, நோயில கிடக்கிற வருத்தக்காரரைப் போய்ப் பார்க்க ஒருத்தருமில்லை. உயிர்த்த ஞாயிறு கழிஞ்சு வாடைக்காற்று தொடங்கும் மட்டும் இருந்தால் போதும். பஸ்ஸில போகலாம்."

பஸ்ஸில். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குள் அத்தனை சிங்கங்களும் ஒரே நேரத்தில் செத்து விழுந்தன. மட்டையை டிலானிடம் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா தொண்டையைச் செருமினார்.

"சுவாமி, அது மாதாவுக்குத் தூக்கின கை." பாடமாக்கிய மிச்சம் மறந்துபோய்விட்டது. "நான் நித்திரை."

சுவாமி கோப்பையைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. "அதுக்கென்ன மரியதாஸ். ஒருத்தரையும் பிடிச்சு அனுப்ப ஏலாது. இறக்கிறதெண்டால் இப்பவே இறக்கலாம், நான் மூப்பருக்குச் சொல்லிவிடுறன்."

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. அப்போது குசினி வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, பதற்றமே இல்லாமல்.

"அவர் நித்திரைதான் சுவாமி. நான் முழிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "அப்ப உம்மட கையைத் தூக்கியிருக்கலாமே."

"தூக்கினால் வீட்டில கேட்டனியோ எண்டு கேட்டிருப்பினம்." அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "கேட்டால் நீங்கள் ஏலாதெண்டு சொல்லியிருப்பீங்கள். பிள்ளையளுக்குச் செபம் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியும். வருத்தக்காரருக்குப் பக்கத்தில இருக்கத் தெரியும். இதுவரைக்கும் என்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் கேட்டதில்லை. அண்டைக்குச் சுவாமி கேட்டது என்னைத்தான் எண்டு இருந்தது. வேண்டாமெண்டால் இறக்குங்கோ. உங்கட கைதானே."

அப்பா தன் வலது கையை மடியில் வைத்து, பழுதுபார்க்க வந்த ஒரு சாமானைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேத்தண்ணி ஆறியது. பிறகு அவர் சுவாமியிடம் கேட்டது இவ்வளவுதான்: "விடியப்புற பஸ்ஸோ, மத்தியானமோ?"

அப்பா துறைமுகத்தில் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களைக் கூட்டிப்போன அந்தக் கடற்கரையில் மண் கறுப்பு. கனத்த, மினுங்குகிற மண். மத்தியானத்தில் காலைச் சுடும், பின்னேரத்தில் யாரோ வானத்தை இடித்துத் தூவியதுபோலப் பளபளக்கும். அலைச் சத்தத்துக்குள் எழும்பி, அலைச் சத்தத்துக்குள் படுத்து, எது நாள் எது கனவு என்று பிரித்தறியாத ஒரு பருவம் அது. கோயில் என்பது தகரக் கூரையும் நான்கு கம்பும். காற்று அடித்தால் நற்செய்தியை விடத் தகரம் உரக்க வாசிக்கும்.

பூசை இல்லாத முதல் ஞாயிறு அப்பாதான் வாசகம் வாசித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தார். சனம் பிரசங்கத்துக்காகக் காத்திருந்தது. வாழ்நாளில் ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டறியாத மனிதர் எதைச் சொல்வார்? வியர்த்து ஒழுக நின்று, கடைசியில், "ஆருடைய எஞ்சினாவது பழுதெண்டால் சொல்லுங்கோ," என்றார். ஆமென் என்றது சனம். அடுத்த நாள் விடியமுன் எங்கள் வாசலில் படகு எஞ்சின்கள் வரிசையாகக் கிடந்தன. நாளாக நாளாகப் புல்மோட்டை முஸ்லிம் ஆட்களுடையதும் பக்கத்துச் சைவ ஆட்களுடையதும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு பிரசங்கம் அம்மாவுடையது. அவள் அதைப் பிரசங்கம் என்று சொல்லவில்லை, "கொஞ்சம் கதைப்பம்" என்பாள்.

நான் மட்டும் வேலையற்ற மிஷனரி. ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை. பிள்ளைகளெல்லாம் ஏற்கெனவே பெற்றவர்கள், கேட்டால் அடிக்க வந்தார்கள். ஆகவே பெருநாளுக்கென்று யாரோ தந்த கோழியைப் பிடித்து, கிணற்றடியில் முறைப்படி தண்ணீர் வார்த்து, சவேரியார் என்று பெயர் வைத்தேன். விஷயம் வெளிவந்தபோது அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஞானஸ்நானம் பெற்ற ஒன்றை எப்படிக் குழம்பு வைப்பது? பெருநாளன்று நாங்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டோம், சவேரியார் மேசைக்குக் கீழே பருக்கை பொறுக்கினார். அப்பா கோழியைப் பார்த்துக்கொண்டே பருப்பைப் பிசைந்தார்.

அங்கே றோசக்கா என்று ஒருத்தி இருந்தாள். கடல் அவளுடைய மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து செபமாலையைத் தொடாதவள். அம்மா அவளிடம் செபம் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. விடியற்காலையில் போய், அவளுக்கு எதிரே குந்தி, மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். எனக்கு அது மிஷனரி வேலையாகவே தெரியவில்லை. பருவம் முடிகிற நேரத்தில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அன்று மாலை தகரக் கோயிலில் எல்லாரும் கூடி, யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மீன்மணம் மாறாத ஒரு கரகரத்த குரல், "அருள் நிறைந்த மரியே," என்று தொடங்கியது. பாயில் கிடந்த அம்மாவுக்கு நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

வாடைக்காற்று தொடங்கியதும் நாங்கள் திரும்பினோம். சவேரியாரை றோசக்காவிடம் விட்டுவந்தோம்.

இன்று அந்தத் தகரக் கோயில் இல்லை. சீமெந்துச் சுவரும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன, செபமாலையை இன்னும் றோசக்காதான் தொடங்குகிறாளாம். எங்கள் பங்கில் பாவிலு மூப்பரும் இல்லை, அவருடைய கேள்வியும் இல்லை. மாதா எந்த வீட்டுக்கு என்பது இப்போது கைபேசிக் குழுவில் முடிவாகிறது, கை தூக்குகிற அவசியம் ஒருவருக்கும் கிடையாது. அப்பா ஓய்வு பெற்றுக் கனகாலம். அந்தக் கறுப்புக் கோடு மெல்ல மெல்ல மறைந்து, கையில் இப்போது சவர்க்கார மணம் மட்டும்தான். என் பிள்ளைகளின் நெற்றியில் அவர் சிலுவை போடும்போது அவர்களுடைய கனவில் என்ன ஓடுமோ தெரியாது.

போன மறைபரப்பு ஞாயிறன்று நாங்கள் மூவரும் ஒரே வாங்கில் இருந்தோம். ஓர் இளம் சுவாமி வந்திருந்தார், வேறு ஏதோ ஒரு கரையைப் பற்றிச் சொன்னார், அதே கேள்வியைக் கேட்டார். மின்விசிறிகள் சுற்றின, எல்லாரும் செருப்பைப் பார்த்தோம், நானும்தான். அம்மா அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்து அயர்ந்து நித்திரை. அப்போது எனக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. சுருங்கிய, நடுங்குகிற ஒரு கை மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. வயது போன மனிதர், கனவில் தூக்குகிறார் என்று பதறிப்போய் நான் முழங்கையால் அவரைத் தட்டினேன்.

"இடிக்காதை தம்பி," என்றார் அப்பா, கையை இறக்காமல். "நான் முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."