ஏழு பேர் ஏறினால் தும்மும் வண்டி

இசக்கியப்பனிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஆறாவது நிமிடத்தில் எஞ்சின் பிளக் பற்றிய பேச்சு வந்துவிடும். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் எஞ்சின் லைனில் ஒன்பது வருஷம் நின்றவர். வருகிற எஞ்சினில் பிளக்கை இறக்கி, மேலே தொங்கும் முறுக்குக் கன்னை இழுத்து வைத்து அழுத்த வேண்டும். முறுக்கு சரியானதும் 'டிக்' என்று சத்தம் வந்து பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த எஞ்சின். அவ்வளவுதான் வேலை. "நான் முறுக்குன பிளக்கு இந்தியா பூரா ஓடுது" என்பார். பீற்றல்தான், ஆனால் பொய்யில்லை.

போன தை மாதம் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது என்று ஒரு பழைய மூன்று சிலிண்டர் வேனை வாங்கினார். பென்னலூர் பெண்கள் விடுதியிலிருந்து ஏழு பேரை மதிய ஷிஃப்டுக்கு ஒரகடத்தில் கொண்டுபோய் விடும் டிரிப் கிடைத்தது. வேன் வந்த அன்றே பழைய பிளக்குகளைக் கழற்றிவிட்டு மூன்று புதுசு மாட்டினார். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. அதிலும் ஒரு வினோதம். அவர் தனியாக ஓட்டினால் வண்டி சமர்த்து. ஏழு பெண்கள் ஏறி ஒரகடம் மேம்பாலத்தில் கால் வைத்ததும் தும்மும், உதறும், பாதிப் பாலத்தில் முக்கும்.

ஏர் ஃபில்டரை மாற்றினார். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களோ என்று பங்க்கையே மாற்றினார். எஞ்சினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் தள்ளாடியது. அப்படியென்றால் மூன்றும் வேலை செய்கின்றன. பிறகு பாலத்தில் தும்முவது யார்?

பென்னலூர் மெக்கானிக் சின்னப்பையன் வேனை எடுத்துக்கொண்டு இரண்டு ரவுண்டு போய் வந்தார். "இன்னா இசக்கி, வண்டி கில்லி மாதிரி கீது! நீ சும்மா பயந்துகினு கீற."

"அந்தப் பிள்ளைய ஏழு பேரும் ஏறுனாத்தான் வருது."

"அப்போ வண்டியில இன்னா ஃபால்ட்டு? ஏறுறவங்க மேல கேஸ் போடு" என்று சிரித்தார் சின்னப்பையன். பிளக்கைப் பார்க்கவா என்று கேட்டதற்கு, "அத மட்டும் தொடாதீரு. அது என் வேலை" என்று சொல்லிவிட்டு வந்தார் நம் ஆள்.

சின்னப்பையன் விளையாட்டாகச் சொன்னதை இசக்கியப்பன் நிஜமாகவே எடுத்துக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. மறுநாளிலிருந்து பாலம் ஏறும் இடத்தில் ஏழு பேரையும் இறக்கிவிடுவார். வேன் மேலே ஏறும். பெண்கள் வெயிலில் சாப்பாட்டுப் பையோடு பின்னால் நடந்து வருவார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்வார்கள். அவமானத்தில் இசக்கியப்பன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கம்பெனி கேட் மூடிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் விடுதி வார்டன் கமலினி கூப்பிட்டுச் சொன்னார்: "இதோ பாருங்க இசக்கியப்பன், இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா நான் வேற வண்டி வச்சிப்பேன். பொண்ணுங்க வேலை போனா அவங்க வூட்டுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிரிப் போனால் வேன் எதற்கு, வேன் இல்லையென்றால் இந்த ஊரில் நான் எதற்கு என்று இசக்கியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பெண்களை இறக்கிவிட்ட பிறகும் வேன் பாலத்தில் ஏறவில்லை. பத்தடி போய் உதறி நின்றது. மணி ஒன்று முப்பது. இரண்டுக்குக் கேட் மூடிவிடும். முன் சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தபடி நின்றார். எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

ஏழு பேரில் பாண்டிச்செல்வி மட்டும் கிட்டே வந்தாள். சங்கரன்கோவில்காரி. பிரேக் பாகங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்ப்பது அவள் வேலை.

"அண்ணாச்சி, எங்க லைன்ல கோளாறு வந்தா மொதல்ல ஒண்ணுதான் கேப்பாக. கடைசியா இதுல கை வச்சது யாரு?"

"ஃபில்டர் நாந்தான் மாத்துனேன். கார்புரேட்டரும் நாந்தான்."

"அதெல்லாம் மிஸ்ஸிங் வந்த பொறவு. அதுக்கு முன்னாடி?"

"பிளக்கு மாத்துனேன். அதுல தப்பே வராது தாயி. ஒம்பது வருசமா..."

"கழத்துங்க அண்ணாச்சி, பாப்போம்."

வேறு நேரமாக இருந்தால் கோபித்திருப்பார். மணியைப் பார்த்தார், ஒரு பிளக்கைக் கழற்றினார். சூடு ஆறும் மட்டும் துணியில் பிடித்திருந்தார். வெள்ளைப் பீங்கான் பளபளவென்று இருந்தது. "பாத்தியா?" என்றார்.

அவள் பையிலிருந்து கண்மை டப்பியை எடுத்தாள். விரலால் தொட்டுப் பீங்கான் முழுக்கத் தடவி, துப்பட்டா நுனியால் அழுந்தத் துடைத்தாள். "நாங்க செவப்பு மை ஊத்தித் தொடைப்போம். விரிசல் இருந்தா அதுல மட்டும் மை நிக்கும்."

பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு நின்றது.

பாரம் கூடி எஞ்சின் திணறும்போது மின்சாரம் அந்த விரிசல் வழியாகத்தான் தப்பித்திருக்கிறது. இப்போது அவருக்கு அதெல்லாம் விளங்கியது. விளங்காதது ஒன்றுதான். மாட்டிய அன்று என்ன செய்தோம்? யோசித்தார். சாதாரண ஸ்பானரால் முறுக்கியபோது கை 'டிக்' சத்தத்துக்குக் காத்திருந்தது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து இழுத்தார். அப்போதும் வரவில்லை; பீங்கான்தான் விரிந்திருக்கிறது. ஸ்பானருக்கு ஏது டிக்? ஒன்பது வருஷம் பிளக் முறுக்கியது என் கையா, அந்தக் கன்னா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் முன்னால் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

டாஷ்போர்டுப் பெட்டியில் பழைய பிளக்குகள் கிடந்தன. எதையும் எறியாத மனிதர். ஒன்றை எடுத்துக் கையாலேயே திருகி இறக்கினார். பிறகு ஸ்பானரை நேராக வைத்து மெல்லத் திருப்பினார். பாதியில் நின்றுவிட்டார்.

"போதுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றாள் பாண்டிச்செல்வி.

இன்னும் இம்மி திருப்பினார். விட்டுவிட்டார். அது சரியா, தப்பா என்று சொல்ல ஒரு விளக்கும் இல்லை. எஞ்சின் உடனே பிடித்தது. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டார். வேன் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஏறி இறங்கியது.

கேட்டுக்குப் போனபோது மணி ஒன்று ஐம்பத்தாறு. ஆறு பேர் குதித்து ஓடினார்கள். பாண்டிச்செல்வியை மட்டும் நிறுத்தினார்.

"தாயி, அந்த மை டப்பியக் குடுத்துட்டுப் போ."

"வண்டிதான் சரியாயிட்டே, இனி எதுக்கு அண்ணாச்சி?"

"மத்த ரெண்டு பிளக்கையும் மாட்டுனவனும் நாந்தான தாயி."