ஒரே நிற மாத்திரை

வண்டன்மேட்டில் எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்து சேர்ந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அம்மா, அவள் தங்கையான சித்தி, இருவருக்குமே மனச்சோர்வு நோய். தேனியில் ஒரே டாக்டர், ஒரே நிற மாத்திரை. ஆனால் அம்மா விடிந்ததும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போய்விடுவாள். சித்தி பல் துலக்கவே மதியமாகிவிடும். சில நாள் அதுவும் இல்லை.

எங்களோடு இருந்த அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. “அவளும் அதே மாத்திரயத்தான் முழுங்குறா. வேலைக்குப் போகலயா? இவளுக்கு மட்டும் என்னவாம்?” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். சித்தியைக் கம்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் மெல்லக் கிளம்பியிருந்தது. அங்கே அவளுக்கென்று இருந்தது பூட்டிக் கிடந்த ஒரு வீடு மட்டும்தான். அத்தை கெட்டவள் அல்ல. சித்திக்குத் தலை வாரிவிடுவதும் அவள்தான்.

மாரியம்மன் கோயில் பொங்கலன்று அம்மா முன்னாலேயே போய்விட்டாள். நாலு பேரைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய அத்தை, சித்திக்குப் புதுச்சேலை கட்டிவிட்டாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து நடத்திப் போனோம். மேளச் சத்தம் கேட்கும் தூரம் வந்ததும் சித்தி ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “என்னால முடியல, மதினி” என்று மட்டும் சொன்னாள். ஜீப்பில் போன சனம் எட்டி எட்டிப் பார்த்தது. அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது.

யாரோ சொல்லி அம்மா ஓடி வந்தாள்.

“போன வருசம் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சிக்குன்குனியாதான வந்துச்சு, மதினி. நா நடமாடுனேன், நீங்க கெடையாக் கெடந்தீங்க. ஒங்கள யாராச்சும் சோம்பேறின்னு சொன்னமா?”

அத்தை குனிந்து சித்தியின் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“நீங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. நா கொஞ்ச நேரம் இங்கனயே உக்காந்துக்கிறேன்” என்றாள் அம்மா.

கம்பம் பேச்சு அதன்பின் எழவில்லை. டாக்டர் சித்திக்கு மருந்தை மாற்றினார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் தனியாகக் கடைவரை போய்வரத் தொடங்கினாள். தோட்ட வேலைக்கு மட்டும் இன்றுவரை போனதில்லை.

அன்று நாங்கள் பொங்கல் வாங்கித் திரும்பியபோதும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். அம்மா சித்தியின் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தங்கைக்குத் துணையாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தினமும் ஜீப் ஏறிப் போகிற அம்மாவுக்கும் அப்படி ஓரிடத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.