சர்டிபிகேட்டுக்காகக் கட்டிய பிராது

"மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டுப் போங்க."

சென்னைக்குப் பக்கத்திலிருந்த அந்தக் காலேஜின் ஆபீஸ் சூப்பிரண்டு என்னிடம் இப்படித்தான் சொன்னார். என் மகள் ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்து படிக்கவில்லை. வகுப்பே தொடங்கவில்லை. படிக்காத படிப்புக்கு மூன்று வருஷப் பணமாம்! கொளஞ்சியப்பர் சாமியை நம்பி இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிற உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து அந்த ஆள் தலையில் போடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. சாமி ஞாபகமெல்லாம் அப்புறம்தான் வந்தது.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அச்சிலிருந்து எடுத்த கோப்பைகளுக்கு ஓரம் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. என் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தை "வுடு". ஒரே மகள் கவிதா. எங்கள் இரண்டு குடும்பத்திலும் டிகிரி முடித்த முதல் ஆள்.

2006ஆம் வருஷம் அவள் எம்.சி.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். கவர்மென்ட் கவுன்சிலிங்கில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, மே மாதமே அந்தத் தனியார் காலேஜில் இருபத்தைந்தாயிரம் கட்டி சீட்டைப் பிடித்தோம். என் செயினை அடகு வைத்த பணம் அது. ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "வேற எடம் கெடச்சா வந்து வாங்கிக்கலாம்மா" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள்.

ஆடி மாதம் கவுன்சிலிங் வந்தது. ஜெராக்ஸைக் காட்டிச் சமாளித்தோம். கடவுள் புண்ணியத்தில் கவர்மென்ட் காலேஜிலேயே இடம் கிடைத்தது. ஃபீஸும் எங்களால் கட்டக்கூடியதுதான். ஆனால் பத்து நாளுக்குள் ஒரிஜினலோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள்.

முதல் தடவை போனோம். மேலே சொன்ன பதில். இரண்டாம் தடவை போனோம். முதலாளி ஊரில் இல்லையாம். சாயங்காலம்வரை உட்கார வைத்துவிட்டு, "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தால், "இந்த ஃபார்ம்ல இல்ல, வேற ஃபார்ம்" என்றார்கள். அந்த ஃபார்ம் எங்கே? தீர்ந்துவிட்டதாம்! பஸ்ஸில் திரும்பி வரும்போது கவிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். விக்கிரவாண்டி தாண்டியும் நிறுத்தவில்லை. ஏழு நாள் போய்விட்டது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அதிசயமாக "வுடு" என்று சொல்லவில்லை. "கெளம்பு, பிராது கட்டிட்டு வந்துடுவோம்" என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் நம் குறையைப் புகார் மனுவாகவே எழுதிக் கொடுக்கலாம். யாரால் குறை, என்ன வேண்டும் என்று பேரோடு எழுதி, நம் ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். சாமி பாதத்தில் வைத்துப் பூஜை செய்து கொடுத்த மனுவை அங்கேயே காவல் சாமியாக இருக்கிற முனியப்பர் முன்னால் கட்டிவிட வேண்டும். அதுதான் பிராது. குறை தீர்ந்ததும் திரும்ப வந்து, "தீர்ந்துவிட்டது, பிராதை எடுத்துக்கொள்கிறேன்" என்று ராஜினாமா எழுதித் தர வேண்டும். அதுவரைக்கும் எதிராளிமேல் வழக்கு நடந்துகொண்டே இருக்கும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஏங்க, அங்கயும் மனு, இங்கயும் மனு. அங்கயும் ஃபீஸு, இங்கயும் ஃபீஸு. சாமிகூட ஆபீஸ் வெச்சி நடத்தணுமா?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு வா" என்றார்.

பிராதை அவர் எழுத, நான் சொன்னேன். சூப்பிரண்டு பெயரை எழுதச் சொன்னேன். காலேஜ் வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர். அப்புறம் செயின், பஸ் செலவு, தீர்ந்துபோன ஃபார்ம், எல்லாவற்றையும் சொல்லி இரண்டு பக்கம் நிரப்பிவிட்டேன். வாங்கிப் பார்த்த கோயில்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்னாம்மா இது, கதையா? என்னா வேணும்னு ஒரே வரில எழுதுங்க."

ஒரே வரி. பணமா, சர்டிபிகேட்டா? அவர் கையில் பேனா அப்படியே நின்றது. கவிதா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பிரண்டு பெயரைப் போட்டு, அதன் கீழே "என் மகள் சர்டிபிகேட் கைக்கு வர வேண்டும்" என்று மட்டும் எழுதச் சொன்னேன். கட்டிவிட்டு, "அப்பா, எனக்கு இனிமே ஏறி எறங்க கால்ல தெம்பு இல்ல. நீ போய்க் கேளு" என்று சொல்லி அழுதேன்.

ஒன்பதாம் நாள் மூன்றாம் தடவையாகப் போனோம். அதே மேசை. அதே ஆள். தலையைக்கூட நிமிர்த்தாமல், "மூணு வருஷ ஃபீஸு கொண்டாந்தீங்களா?" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஃபீஸு கட்டிட்டுத்தான் வந்திருக்கேன். உங்ககிட்ட இல்ல, கொளஞ்சியப்பருகிட்ட. பிராதுல உங்க பேரத்தான் எழுதியிருக்குது" என்று கத்தினேன்.

அவர் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"விருத்தாசலம்."

"என் பொண்டாட்டிக்கு உங்க பக்கத்துல நல்லூருதான்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "நெசமா பேரு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். உங்க அப்பா பேருதான் தெரியல, அத மட்டும் எழுதல."

அவர் எழுந்து உள்ளே போனார். யாரிடமோ என்னவோ பேசினார். அரை மணி நேரத்தில் ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். மார்க் ஷீட், டி.சி., எல்லாம் இருந்தன. கவிதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "காசு என் கையில இல்லம்மா, அது மேனேஜ்மென்ட். ஊருக்குப் போனதும் அந்த ராஜினாமாவ மட்டும் எழுதிடுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு" என்றார்.

பத்தாம் நாள் கவிதா கவர்மென்ட் காலேஜில் சேர்ந்தாள். இதோடு சாட்சியை முடித்திருந்தால் நான் நல்ல பக்தை. முடிக்கவில்லையே!

எனக்கு இருபத்தைந்தாயிரம் மனதை அரித்தது. அந்த ஆள் பயந்துபோய்க் கிடக்கிறார், பணம் வரும்வரை ராஜினாமா எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. சூப்பிரண்டு, அப்ளிகேஷனில் இருந்த என் கம்பெனி நம்பருக்கே போன் செய்துவிட்டார். "எழுதிட்டீங்களாம்மா? சின்னவனுக்கு நாலு நாளா ஜொரம்."

"பணம் வரட்டும், எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் ஹாஸ்டலிலிருந்து வந்த கவிதாவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே கேட்டாள்:

"அவுரு என் பேப்பர வெச்சிக்கிட்டு பணம் கேட்டாரு. நீ அவுரு பேப்பர வெச்சிக்கிட்டு பணம் கேக்கற. என்னாம்மா வித்தியாசம்?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார். கேட்காததற்காக ஒரு பிள்ளையின் ஜுரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

விடிந்ததும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ராஜினாமாவை நானே எழுதினேன். ஒரே வரிதான். எழுதிக் கொடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். "என் கோவத்தையும் சேத்து எடுத்துக்கப்பா" என்றேன். வெளியே வந்து பூத்திலிருந்து சூப்பிரண்டுக்குப் போன் செய்தேன். அவர் அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கவர்மென்ட் காலேஜுக்கு பேங்க்ல கல்விக்கடன் தருவாங்கம்மா, கேட்டுப் பாருங்க" என்று சொல்லி, என்னென்ன பேப்பர் வேண்டும் என்றும் வரிசையாகச் சொன்னார். அந்தக் கடனில்தான் மூன்று வருஷ ஹாஸ்டல் செலவும் ஓடியது.

இன்றைக்குக் கவிதா வேலையில் இருக்கிறாள். கடனை அவளே அடைத்துக்கொண்டிருக்கிறாள். என் செயின் அடகுக் கடையிலேயே மூழ்கிப்போனது. அந்தக் காலேஜிலிருந்து பத்துப் பைசா திரும்பி வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் பெயரை மட்டும் யார் கேட்டாலும் சொல்வதில்லை. ராஜினாமா எழுதியாகிவிட்டது.

உங்களில் யாராவது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி நொந்துபோயிருந்தால், வாருங்கள், ஒரே வரியில் எழுதிக் கட்டுங்கள். தீர்ந்த அன்றைக்கே வந்து ராஜினாமாவும் எழுதிவிடுங்கள், நாள் கடத்தாதீர்கள். நான் பார்த்த ஆபீஸ்களிலேயே, கட்டின காசுக்குமேல் கேட்காத ஆபீஸ் இது ஒன்றுதான்.