பின்சீட்டில் தங்கவேல் டிரைவர்

என் அப்பா தங்கவேல் பதினெட்டு வருடம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்து ஓட்டியவர். அந்த மலைப்பாதையில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்து போனது ஒரே ஒருமுறைதான். போன ஆயுதபூஜை விடுமுறையில், என் மோட்டார் சைக்கிளில்.

நான் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். புதிதாக வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டே, அப்பா இருக்கும் செங்கத்துக்கு வந்திருந்தேன். "நைனா, மலைக்குப் போய்ட்டு வரலாம், வர்றியா?" என்று சும்மாதான் கேட்டேன். அப்பா மலைப் பேச்சை எடுத்தே பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் உடனே உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"போளூர் பக்கம் ஏறி ஆலங்காயம் பக்கம் எறங்கலாம். சுத்திக்குனு வர எரநூறு கிலோமீட்டர் ஆவும். ஓட்டுவியா?"

"ஒசூர்லேர்ந்து ஓட்டிக்குனு வந்தவ நான்."

அத்திமூர் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி வளைவுக்கு வளைவு லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்பா வலது காலால் கால்கம்பியை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் பிரேக் போடுகிறார்.

"நைனா, ஓட்டுறது நானு."

"தெரியிது, தெரியிது. ரெண்டாவது கியருக்கு வா."

மேலே போகப் போக அவருக்குப் பேச்சு வந்தது. "இங்கதான் மாணிக்கம்மா ஏறும், ரெண்டு ஆட்டோட. டிக்கெட்டு ஆட்டுக்கு எடுக்கும், தனக்கு எடுக்காது." எனக்கும் எல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் அந்தப் பேருந்தின் இஞ்சின் மூடிமேல், சூடு தாங்காமல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து போயிருக்கிறேன். வண்டி முழுக்கப் புளியும் பலாப்பழமும் மணக்கும். கண்டக்டர் பாண்டுரங்கன் மாமா, டிக்கெட் தீர்ந்த கட்டின் அட்டைகளை எனக்கென்று சேர்த்து வைத்திருப்பார். அவர் விசிலில் ஒரு ஊது ஊதினால் அப்பாவுக்கு அது ஒரு முழு வாக்கியம்.

அந்தப் பாண்டுரங்கன் மாமாதான் ஒருநாள் டிப்போவில் போய், "டிரைவருக்குச் சாயந்திரத்தில் கண் சரியாகத் தெரியவில்லை" என்று சொன்னார். பரிசோதனையில் கண் நரம்பு கெட்டிருப்பது தெரிந்தது. அப்பாவை வண்டியிலிருந்து இறக்கி, ஓய்வு பெறும்வரை டிப்போவில் ஒரு மேசைக்கு முன் உட்கார வைத்தார்கள். மாமா இரண்டுமுறை வீட்டுக்கு வந்தார். அப்பா அறையைவிட்டு வெளியே வரவில்லை. நானும் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நின்றேன்.

ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாத. நேரா போ. கொஞ்ச தூரத்துல எடது பக்கம் ஒரு வூடு வரும்."

வாசலில் சாமைக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. யார் வீடு என்று நான் கேட்பதற்குள் உள்ளேயிருந்து நரைத்த தலையோடு பாண்டுரங்கன் மாமா வந்தார். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊருக்கே வந்துவிட்டாராம். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும் என்று அவர் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

மாமா வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "இன்னா டிரைவரே, வண்டி லேட்டு."

"பதினோரு வருசம் லேட்டு" என்றார் அப்பா. வண்டியைவிட்டு இறங்கத் தடுமாறியவரை மாமாதான் தோளில் தாங்கிப் பிடித்தார்.

மாமாவின் மனைவி சின்னக்குழந்தை அத்தை சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். பாதிச் சாப்பாட்டில் அப்பா கையை நிறுத்தினார்.

"அன்னிக்கு ரோட்டுல கொழந்தயோட ஒரு பொம்பள நின்னுக்குனு இருந்துச்சே, அத நான் பாக்கவே இல்ல. நீ விசில் அடிச்சதாலதான் பிரேக் போட்டேன். டிப்போல கேட்டப்ப, பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும் டிரைவரே. அதனாலதான் போய்ச் சொன்னேன். உள்ள அறுவது பேரு இருந்தாங்க."

"நீ சொன்னது சரிதான். நான்தான் ஒத்துக்கல."

"சரி, சாப்புடு. ஆறிப்போவுது" என்றார் மாமா. நான் எழுந்து கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன். இத்தனை வருடம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டியது எனக்கு நினைவில் இருந்தது. திரும்பி வந்து, "மாமா, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பிறகு இருவரும் பேசிய பேச்சில் மூன்று மணியாகிவிட்டது. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று நான்தான் கிளப்பினேன். காவலூர் தாண்டி இறக்கத்தில் மூடுபனி வந்தது. அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு, எந்த வளைவில் எந்த வருடம் மண் சரிந்தது என்று ஆலங்காயம்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பொங்கலுக்குப் பாண்டுரங்கன் மாமா மனைவியோடு செங்கம் வந்தார். இரண்டு நாள் என்று வந்தவர்களை அப்பா ஒரு வாரம் அனுப்பவில்லை.